சித்திரையில் உறைபனி

முதலில் அதற்குப் பெயர் கேஸ்.
ஓமம் மென்றேன்.
பாலாடா மெடிக்கலில் இளஞ்சிவப்பு மருந்து
மூன்று பாட்டில் தீர்ந்தது.
அப்புறம் தைராய்டு என்றார்கள்.
ரத்தம் கொடுத்தேன். தைராய்டு இல்லை.
நாத்தனார் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள்.
நெடி ஏறி வீடே இருமியது.
இருமல் வந்தால் கண்ணேறு இல்லையாம்.
அதுவும் இல்லை.

கேத்தி பாலாடாவில் எண்பது சென்ட் குத்தகை,
மேட்டில் கேரட், ஓடையோரம் பீட்ரூட்.
மார்கழியில் மூன்று மணிக்கு
அலாரம் வைப்பவர்கள் நாங்கள்.
டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்து
இலை நுனி வெளுத்திருக்கிறதா என்று
பாத்தி பாத்தியாகப் பார்க்கவேண்டும்.
வெளுத்திருந்தால்
வெயில் வந்து தொடுமுன் தண்ணீரைத் திருப்பவேண்டும்.
போன வருஷம் ஒரே ஒரு விடியல் தூங்கிவிட்டேன்.
பத்து மணிக்கு மேடு முழுக்க
வேகவைத்த கீரை மாதிரி கிடந்தது.
யாரும் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

மாசி போனது, பங்குனி போனது.
அலாரத்தை அவர்தான் நிறுத்தினார்.
எனக்கோ மூன்றுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போதே
நெஞ்சுக்குள் பவர் டில்லர் கிளம்பிவிடும்.
எழுந்து போவேன்.
இலை நுனியில் வெறும் ஈரம்.
திரும்பி வந்து படுத்தால்
கதவைப் பூட்டினேனா?
பூட்டியிருக்கும்.
சிலிண்டர்?
மூடியிருக்கும்.
பையன் மூச்சு விடுகிறானா?
பதினாலு வயசு அவனுக்கு.
மூக்கருகே வைத்த என் விரலைத் தட்டிவிட்டு
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டையோடு இறங்கும்போது
பர்லியாறு வளைவில்
லாரிக்குள் காற்று தீர்ந்துவிட்டது,
எனக்கு மட்டும்.
டிரைவர் அந்தோணிராஜ் பாக்கு மென்றுகொண்டிருந்தார்.
ஜன்னல் திறந்துதான் இருந்தது.
கைவிரல் பத்தும் யாருடையதோ போல மரத்திருந்தன.
அதற்குப் பிறகு நான் இறங்கவில்லை,
முதுகுவலி என்று சொல்லிவிட்டேன்.
மண்டிக்காரர் எண் போனில் ஒளிர்ந்தாலே
உள்ளங்கை நனைந்துவிடும்,
கேரட் ஏறுவிலைக்குப் போன வாரத்திலும்.

ஊட்டி பெரியாஸ்பத்திரியில்
இரண்டு முறை ஈசிஜி எடுத்தார்கள்.
கவாத்து வெட்டிய தேயிலை வரிசை போல
ஒழுங்காய் இருந்தது கோடு.
"ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கீங்க."
நல்லா இருப்பவளின் நடுக்கத்தை
எந்த வரிசையில் நின்று காட்டுவது?

மூன்றாம் முறை
இருபத்தி நாலாம் அறைக்கு அனுப்பினார்கள்.
புதிதாக வந்த டாக்டர், ராமநாதபுரம் பக்கமாம்,
இரட்டை ஸ்வெட்டர் போட்டிருந்தார்.
"தூக்கம் எப்படி, யோகமலர்?"
"மூணு மணிக்கு எந்திரிச்சிருவேன் மேடம்.
பனி பாக்கணும்ல."
எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.
கிண்டலே இல்லை அந்தக் குரலில்,
தெரியாமல்தான் கேட்டார்:
"இங்க சித்திரையிலயும் பனி விழுமா?"

ஜன்னலுக்கு வெளியே
மலர்க் கண்காட்சிக்கு வந்த கூட்டம்,
அரைக்கைச் சட்டை, குச்சி ஐஸ், தொப்பி.
விழாது, என்றேன்.
இன்னொரு முறையும் சொன்னேன்.
விழாது மேடம்.
அழுகை வருமென்று நினைத்தேன், சிரிப்புதான் வந்தது.
அவர் எழுதிய வார்த்தையைத்
தலைகீழாகவே வாசித்துவிட்டேன்.
பதற்ற நோய்.
கேஸைவிட நீளமான பெயர்.
ஆனால் இது என்னுடையது,
என் அளவுக்குத் தைத்த மாதிரி.

மாத்திரை பாதி, வியாழக்கிழமை பேச்சு.
குணமாகிவிட்டது என்று சொன்னால் பொய்.
நேற்றும் மூன்று மணிக்கு டில்லர் கிளம்பியது.
கதவுவரை போனேன். டார்ச்சை எடுக்கவில்லை.
குளிர்ந்த படியில் உட்கார்ந்து
அது ஓடி ஓய்வதற்குக் காத்திருந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன்,
எதிர்ச் சரிவில், போஜன் வீட்டு முள்ளங்கித் தோட்டத்தில்
ஒரு வெளிச்சம்.
காட்டெருமை விரட்டுகிற வெளிச்சம் என்றால்
வீசி அலையும், கூடவே தகரம் தட்டுவார்கள்.
இது தரையோடு சாய்ந்து
சத்தமில்லாமல்
ஒவ்வொரு இலையாக நகர்ந்தது.

பால் ஊற்றப் போகிற சாக்கில்
விடிந்ததும் அந்த வீட்டுக்குப் போகவேண்டும்.
யார் கதவைத் திறந்தாலும் சரி,
முதலில் தூக்கத்தைப் பற்றிக் கேட்கவேண்டும்.